செப்சிஸ்: பிணவறையில் பொருள் மயங்கும் ஒரு சொல்

எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், வீட்டில் திடீரென இறந்துபோன தம் தந்தையின் உடற்கூறாய்வு அறிக்கையையும், அதை யாரோ தமிழில் பெயர்த்துக் கொடுத்த தாளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘இரத்தத்தில் நஞ்சு ஏறியமை’ என்று எழுதியிருந்தது. “விஷம்னு போட்டிருக்காங்களே அண்ணா, அப்பாவுக்கு யாராவது ஏதாவது கொடுத்துட்டாங்களா?” என்று அவர் கேட்டார். மூல அறிக்கையில் இருந்த சொல் செப்சிஸ். அவருடைய தந்தை சர்க்கரை நோயாளி. காலில் நெடுநாள் ஆறாத புண் இருந்தது. இதையெல்லாம் சொல்லி அவரைத் தேற்ற வெகுநேரம் ஆயிற்று.

செப்சிஸ் என்பது கிரேக்கச் சொல். ‘அழுகச் செய்தல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. பண்டைய கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீசின் மரபில் வந்தவர்கள், உணவு செரித்து உடலோடு சேர்வதைப் பெப்சிஸ் என்றும், உடல் அழுகிக் கெடுவதைச் செப்சிஸ் என்றும் எதிரெதிராக வைத்துப் பேசினார்கள். நம் வீட்டுக் கொல்லையில் புதைந்திருக்கும் செப்டிக் டேங்க்கும் இதே வேரில் கிளைத்ததுதான். அங்கே சொல்லின் மூலப்பொருள் மாறாமல் நிற்கிறது. “காயம் செப்டிக் ஆயிடுச்சு” என்று சென்னையில் நாம் சொல்லும்போதோ, அது சீழ் பிடித்ததைக் குறிக்கிறது. இன்றைய மருத்துவப் பொருள் இவ்விரண்டிலிருந்தும் விலகிவிட்டது. கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நெறிதவறி, தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் நிலையே செப்சிஸ் என்பது 2016-ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு வரையறை.

சீழ், நஞ்சு, அழுகல் ஆகிய மூன்றையும் அடியாகக் கொண்டு இதற்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கப்படுவதுண்டு. பிணவறைக்குள் போனால் இவை மூன்றுமே இடறுகின்றன. சீழ் என்பது ஓரிடத்தில் கட்டி நிற்பது. நஞ்சு என்பது, வயிறு, ஈரல் முதலியவற்றின் பகுதிகளைப் போத்தலில் இட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பித் தேடப்படுவது. அழுகல் என்பதோ, ‘அழுகிய நிலையில் சடலம் மீட்பு’ என்று நாளிதழ்களில் நாம் படிப்பது. சென்னையின் மே மாத வெயிலில் குளிரூட்டாத உடலில் அது வெகுவிரைவில் தொடங்கிவிடும். மூன்று சொற்களும் அங்கே வேறு பொருளுக்கு உரியனவாகிவிட்டன.

அழுகலையும் செப்சிசையும் பிரித்தறிவது சொல்லாய்வாளருக்கு மட்டுமன்றி, உடலை ஆய்வு செய்யும் மருத்துவருக்கும் கடினமான வேலை. செப்சிசால் இறந்தவரின் நுரையீரல் நீர் கோத்துக் கனத்திருக்கலாம், மண்ணீரல் குழைந்திருக்கலாம். ஆனால் இவை வேறு காரணங்களால் இறந்தவர்களிடமும் காணப்படும். இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தாலும், இறந்த பின் குடலிலிருந்து பரவிய கிருமியா, இறக்கும் முன்பே இரத்தத்தில் இருந்த கிருமியா என்ற கேள்வி எஞ்சும். ஆகவேதான், உயிருள்ள உடல் மட்டுமே தொற்றை எதிர்கொள்ளும்போது உண்டாக்கக்கூடிய புரதங்களைத் தேடுகிறார்கள். இறந்த உடல் புதிதாக எதையும் உண்டாக்காது. ஆகையால் இரத்தத்தில் அப்புரதம் மிகுந்திருந்தால், அது உயிரோடு இருந்தபோதே உண்டானது.

இத்தகைய புரதத்துக்கு ‘உயிர்க்குறி’ என்ற சொல்லைச் சிலர் ஆளுகிறார்கள். நாடித்துடிப்பும் மூச்சும் உயிர்க்குறிகள் எனப்படுவதால், இறந்தவரின் இரத்தத்தைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தாது. ‘குருதிக் குறிப்பான்’ என்பதே தெளிவு.

குறிப்பான்களில் முதன்மையானது புரோகால்சிடோனின். ‘புரோ’ என்பது முந்தைய நிலையைக் குறிக்கும். ‘கால்சி’ என்பது சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தைராய்டு சுரப்பியில் 32 அமினோ அமிலங்கள் கொண்ட கால்சிடோனின் உருவாவதற்கு முன்னோடியான, 116 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இது. நலமாக இருப்பவரின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். கடும் பாக்டீரியாத் தொற்றின்போது தைராய்டு மட்டுமல்லாமல் உடலின் பல திசுக்களும் அதைச் சுரப்பதால் பன்மடங்காகப் பெருகும். பெயரில் தொற்றின் சாயலே இல்லை. எனவே இதைத் தமிழாக்கினால் சுண்ணாம்புச் சத்துக்குறைவு என்று யாராவது எண்ணக்கூடும். ஒலிபெயர்ப்பே போதும்.

கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமான சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) மற்றொன்று. இதிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்தைக் குறிப்பதன்று. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் குருதிநீர், நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற கூட்டுச்சர்க்கரையோடு வினைபுரிந்து படிவதைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. ‘சி-வினைப் புரதம்’ என்பது சரியான ஆக்கம்.

இச்சோதனைக்கு இறந்தவரின் இரத்தத்தைப் பெரும்பாலும் தொடைச் சிரையிலிருந்து எடுக்கிறார்கள். உயிருள்ளவரின் குருதிநீர் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும்; இறந்தவருடையதோ, சிவப்பணுக்கள் உடைந்து கலப்பதால் பீட்ரூட் சாறு போலச் சிவந்திருக்கும். தீக்காயம், பெருங்காயம், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் இவ்விரு புரதங்களும் கூடுமாதலால், அவற்றின் அளவை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. நோய் வரலாறும் திசு ஆய்வும் உடன் இருக்க வேண்டும்.

செப்சிசுக்கு நான் பரிந்துரைப்பது ‘தொற்றுச் சீர்குலைவு’ என்பது. காரணம் தொற்று என்பதையும், கெட்டது உடலின் ஒழுங்கு என்பதையும் அது சொல்கிறது. அந்த இளைஞரின் தாளில் நஞ்சு என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘காலில் உண்டான புண்ணின் வழியே ஏற்பட்ட தொற்றுச் சீர்குலைவு (செப்சிஸ்)’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.