"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் பொது மருத்துவராக இருக்கிறேன். சென்ற வாரமும் அதே கதை. வாய் கோணி, வலது கை துவண்டுபோன ஒரு பாட்டியைப் பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவில் கொண்டுவந்தான். "எப்போதிலிருந்து இப்படி?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்துக் கதவைத் தள்ளியிருக்கிறான். துபாயில் இருக்கும் மகனைப் போனில் பிடித்தோம். "நேற்று ராத்திரி பேசினேன் டாக்டர், நன்றாகத்தான் இருந்தார்கள்" என்றார்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நோயாளி நன்றாக இருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் பார்க்க ஆள் இல்லையென்றால் நாங்கள் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

"பணத்துக்குக் குறை வைக்கவில்லை, தினமும் வீடியோ காலில் பார்க்கிறேன்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. போனில் தெரிவது முகம் மட்டும். அதுவும் பிள்ளைக்காகத் தலை சீவி, சிரிப்பை வரவழைத்துக்கொண்ட முகம். வீங்கிய கால் அதில் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவது தெரியாது. வளையல் முழங்கை வரை வழுகுவது தெரியாது. "சாப்பிட்டாயா அம்மா?" என்றால் "சாப்பிட்டேன் மக்களே" என்றுதான் பதில் வரும். மூன்று வேளையும் பழங்கஞ்சியும் ஊறுகாயும்தான் என்று எந்தத் தாய் சொல்வாள்? தனக்கு மட்டும் நாலு சாளை மீன் வாங்கிக் குழம்பு வைக்க அவளுக்கு மனம் வராது.

வெளிநாட்டில் இருப்பவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. வளைகுடாப் பணத்தில்தான் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் மாடியில் மகன் குடியிருக்க, கீழே தனியாக இருந்த ஒரு தாத்தாவையும் பார்த்தேன். உளறுகிறார், மறதி நோய் வந்துவிட்டது என்று கூட்டிவந்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மருந்தெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்தால், இரண்டு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த ஒரே கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, இரண்டு கம்பெனிப் பெயரில். இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அந்த டப்பாவை அந்த வீட்டில் வேறு யாரும் திறந்து பார்த்ததே இல்லை.

திடீரென்று வரும் குழப்பத்தை வயதின் மேல் போடாதீர்கள். சர்க்கரை இறங்கினாலும், உப்புச்சத்து குறைந்தாலும், சிறுநீரில் கிருமி வந்தாலும் வயதானவர்கள் உளறுவார்கள். "நேற்று வரை இப்படி இல்லை" என்று உறுதியாகச் சொல்லக் கூட இருப்பவரால்தான் முடியும். எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது.

"சாப்பிட்டாயா" என்று கேட்காதீர்கள். "என்ன சாப்பிட்டாய்" என்று கேளுங்கள். போனை யாரிடமாவது கொடுத்து, அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சித்தியோ அத்தையோ, ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்கட்டும். காலையும் மாலையும் எட்டிப் பார்க்கட்டும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

விடுமுறையில் வருகிறவர்கள் கல்யாண வீடுகளுக்குப் போகும் முன் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். கண்ணையும் காதையும் சோதிக்கக் கூட்டிப்போங்கள். ராத்திரி கழிப்பறை வரை வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைவிடப்பட்ட முதியவர்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்த அளவுக்குப் போக விடாதீர்கள். அண்ணன் தம்பிக்குள் விளை நிலத்தைப் பங்கு வைத்ததில் பேச்சு நின்றுபோயிருந்தால், வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். அம்மா எந்த மாத்திரை சாப்பிடுகிறாள், இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்ற இரண்டை மட்டுமாவது இன்றைக்கே போனில் பேசிவிடுங்கள்.