‘எல்லாம் ஆன்லைன்’ என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் போன வருடம் ஒரு உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கவுண்டரில் இருந்தவர் “செகாராங் செமுவா ஆன்லைன், என்சிக்” (இப்போது எல்லாம் ஆன்லைன், ஐயா) என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரியென்று வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல என்விடிஏ என்ற இலவச மென்பொருள் வைத்திருக்கிறார். அது வாசித்தது இவ்வளவுதான்: “பட்டன். பட்டன். எடிட். எடிட். பட்டன்.” எந்தக் கட்டத்தில் மைகாட் என்ற அடையாள அட்டை எண்ணைப் போடுவது, எந்தப் பட்டன் அனுப்பும், எது எல்லாவற்றையும் அழிக்கும், ஒன்றும் புரியவில்லை. ஊகித்து ஊகித்துக் கடைசிப் படிக்கு வந்தால், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச் சொன்னது. யோசிப்பதற்குள் நேரம் முடிந்து பக்கம் முதலுக்கே போய்விட்டது. மறுநாள் மீண்டும் கவுண்டருக்குப் போனார். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து தரச் சொல்லுங்கள் என்றார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது சட்டம் 685. தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குக் கிடைப்பதுபோலவே இவர்களுக்கும் கிடைக்க உரிமை உண்டு என்கிறது 30ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பு அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, அந்தச் சேவைகளைத் தருகிறவர்களுக்கும் உண்டு. மீறினால் தண்டனை? ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று 41ஆவது பிரிவு வேலி போட்டிருக்கிறது. ஆகவே கோர்ட்டுக்குப் போவேன் என்று கவுண்டரில் சத்தம் போட்டுப் பயனில்லை. எழுத்தில் கொடுக்கும் புகாரைத்தான் அவர்களால் மறந்துவிட முடியாது.

புகார் என்றதும் முதலில் கேட்பது “காட் ஓகேயு அடா?”, அதாவது உடற்பேறு குறைந்தோர் அட்டை இருக்கிறதா என்று. இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்று நம் ஆட்களும் எழுந்து வந்துவிடுகிறார்கள். வராதீர்கள். உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும்தான் அந்த அட்டை. சட்டத்தின் 2ஆவது பிரிவு, நீண்டகாலக் குறைபாட்டையும் அதோடு சேரும் தடைகளையும்தான் பேசுகிறது, அட்டையை அல்ல. பதிந்துகொள்வதும் கட்டாயமில்லை. இனிப்பு நீர் என்னும் நீரிழிவால் பார்வை மங்கிப்போய், பதியாமலே காலம் தள்ளும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு கண் போனவர்கள் இன்னொரு கண்ணியில் மாட்டுகிறார்கள். அட்டைக்கு நல்ல கண்ணைத்தான் அளப்பார்கள்; அது சரியாக இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டி அகப்பக்கப் புகாரையும் தள்ளினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு விஷயம். அதே நேரம், தகுதி இருந்தால் ஜேகேஎம் என்று நாம் சொல்லும் சமூகநல இலாகாவில் அட்டையை எடுத்து வையுங்கள். புகாரில் அதன் எண்ணைப் போட்டால் ஒரு சாக்குக் குறையும்.

அடுத்த சாக்கு, மூலையில் இருக்கும் ‘டபள்யூ3சி’ பட்டன். அரசாங்க அகப்பக்கங்கள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். கண்ட்ரோலும் பிளஸும் அழுத்தினால் எந்த பிரௌசரும் எழுத்தைப் பெரிதாக்கும். அதற்கு இவ்வளவு ஜோடனை. பெயரில்லாத பட்டனுக்கு அது பெயர் வைக்காது. “எங்களிடம் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது” என்று பதில் வந்தால், பார்வையற்றவருக்கு அந்த வசதி என்ன செய்கிறது என்று ஒரு வரியில் கேட்டு எழுதுங்கள்.

புகாரில் ‘பயன்படுத்த முடியவில்லை’ என்று மட்டும் எழுதினால் ஐடி பிரிவு “எங்கள் பக்கம் சரியாக வேலை செய்கிறது” என்று மூடிவிடும். பக்கத்தின் முகவரி, தேதி, நேரம், எந்த பிரௌசர், எந்தத் திரைவாசிப்பான், எத்தனையாவது படியில் நின்றது, அது வாசித்த சொற்கள் என்னென்ன, இவை எல்லாம் வேண்டும். கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பேசுவதை அப்படியே பதிவு செய்து இணையுங்கள். பார்வை உள்ள அதிகாரியையும் ஒன்று செய்யச் சொல்லலாம்: மௌசைத் தொடாமல், டேப் விசையால் நகர்ந்து, விசைப்பலகையை மட்டும் வைத்து அந்தப் படிவத்தை முடித்துக் காட்டட்டும்.

சட்டத்தில் தரம் எதுவும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனாலும் அகப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான டபள்யூசிஏஜி என்ற உலகத் தரத்தின் எண்களைப் போடுங்கள், அகப்பக்கத்தைச் செய்து தரும் குத்தகைக்காரருக்கு உடனே புரியும். பெயரில்லாத பட்டன் 4.1.2. விளக்கமில்லாத படம் 1.1.1. எச்சரிக்காமல் நேரம் முடிவது 2.2.1, முன்கூட்டிச் சொல்லி, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தருவது அதில் ஒரு வழி. நம் ஊரில் அதிகம் பார்ப்பது 3.1.1: பக்கம் மலாயில் இருக்கும், உள்ளே மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். ‘சிலா மாசுக்கான்’ (தயவுசெய்து உள்ளிடவும்) என்பதை ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பும். ஒரே சொல்லை மாற்றினால் தீரும் பிழை அது.

அரசாங்க இலாகா என்றால் சிஸ்பா என்ற பொதுமக்கள் புகார் முறையில் பதிந்து எண்ணை வாங்குங்கள். வங்கி என்றால் முதலில் வங்கியின் புகார்ப் பிரிவு, பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா. மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதலாம், அது விசாரிக்கும், பரிந்துரைக்கும், உத்தரவு போடாது. எங்கே எழுதினாலும் இரண்டைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இன்றைக்கு என் விண்ணப்பத்தைக் கவுண்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும், அகப்பக்கத்தை எந்தத் தேதிக்குள் திருத்துவீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதை மட்டும் கேட்டால் உரிமம் காலாவதியான பிறகுதான் பதில் வரும்.

இதற்கிடையில் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று வருகிறவரிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிடாதீர்கள். பணம் போனால், நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்பார்கள்.

இன்னொன்று. சில நாளில் யாரோ ஒருவர் தொலைபேசியில் அன்பாகப் பேசுவார், கவனிக்கிறோம் என்பார். அந்த அழைப்பையே தீர்வாகக் கணக்கு வைத்து ‘செலெசாய்’ (முடிந்தது) என்று புகாரை மூடிவிடுவார்கள். அண்ணனுக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. மூன்றாவது முறை, “மின்னஞ்சலில் அனுப்புங்கள், என் கணினி வாசித்துச் சொல்லும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.