புரட்டாசியில் எந்த டப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களின் சாப்பாட்டுக் குறிப்பில், புரட்டாசி பிறந்ததும் கிரீம் சீஸ் ஏறிவிடும். கறி, மீன், முட்டை எல்லாம் நிறுத்தியாயிற்று, புரதத்துக்கு ஏதாவது வேண்டுமே. "சீஸ்தானே அக்கா, பாலில் செய்ததுதானே" என்றார் சர்க்கரை நோய் உள்ள ஒரு தம்பி. காலையில் ரொட்டியிலும் மாலையில் பிஸ்கட்டிலும் அதையே தடவிக்கொண்டிருந்தார். பீன்ஸ் கறியைக்கூடக் குறைத்துவிட்டார்.

அவர் மீது தப்பில்லை. கடையில் கிரீம் சீஸும் ஸ்மூத் (கட்டியில்லாமல் வழவழப்பான) காட்டேஜ் சீஸும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரே அளவு டப்பா, ஒரே வெள்ளை. ஆனால் முழுக்கொழுப்புள்ள கிரீம் சீஸ் 100 கிராமில் கொழுப்பு 34 கிராம் அளவில் இருக்கும், புரதம் 6 கிராம்தான். காட்டேஜ் சீஸில் புரதம் 11 கிராம் வரை, கொழுப்போ 4 கிராம் அளவுதான். செடார் என்ற கெட்டியான சீஸில் இருக்கும் அளவு கால்சியமும் கிரீம் சீஸில் கிடையாது. அதை வெண்ணெயின் இடத்தில் வையுங்கள், பருப்பின் இடத்தில் வைக்காதீர்கள். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? எனக்குப் பிடித்தது ரொட்டி. மாவு பிசையும்போது நெய்யைக் குறைத்து, இரண்டு மூன்று கரண்டி ஸ்மூத் காட்டேஜ் சீஸ் சேருங்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் மெத்தென்று இருக்கும். சமோசாவுக்குக் கட்டி கட்டியாக இருக்கும் சங்கி (chunky) காட்டேஜ் சீஸ் நல்லது. மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் வடியவிட்டு, பச்சைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் சீரகம் சேர்த்து மடியுங்கள். வடியவிடாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் ஓவனில் சுட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளின் பிரெட்டில் மார்ஜரினுக்குப் பதிலாக ஸ்மூத் காட்டேஜ் சீஸைத் தடவி வெள்ளரிக்காய் வையுங்கள். மசித்த சுகர் பீன்ஸோடு (ராஜ்மா போன்ற ஒரு பயறு) கலந்து வைத்தால் இன்னும் நல்லது, மதியம் வரை பசி தாங்கும்.

கிரீம் சீஸை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நான்கு பேருக்கான பட்டர்நட் (ஒரு வகைப் பூசணி) சூப்பில் இரண்டு கரண்டி போதும், கிரீமே வேண்டாம். தக்காளிக் குழம்பில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி குழம்பில் கரைத்து ஊற்றுங்கள். நேராகக் கொதியில் போட்டால் திரிந்துவிடும். அப்புறம், விரதத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் லேபிளில் ரென்னட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) இருக்கிறதா, எந்த வகை என்று பாருங்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, விலங்குத் தொடர்பில்லாததும் உண்டு.

கர்ப்பிணிகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017, 2018-ல் நம் நாட்டில் பரவிய லிஸ்டீரியா என்ற கிருமி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். அதற்குக் காரணம் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சிதான், சீஸ் இல்லை. ஆனாலும் பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது கிருமி சாகும்படி சூடாக்காத பாலில் செய்த மென்மையான சீஸிலும் அந்தக் கிருமி வரலாம், பிரிட்ஜின் குளிரிலும் மெதுவாக வளரும். பாஸ்டரைஸ் செய்த கிரீம் சீஸும் காட்டேஜ் சீஸும் பயமின்றிச் சாப்பிடலாம். பிரீ, கேமம்பேர் போலப் பூஞ்சைத் தோல் உள்ளவற்றை, நன்றாகச் சூடாக்காமல் சாப்பிட வேண்டாம்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிரில்லாமல் இருந்த டப்பாவை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், லிஸ்டீரியாவுக்கு வாசனை கிடையாது. கொட்டிவிடுங்கள். மேலே பூஞ்சை கண்டாலும் அப்படித்தான். செடாரில் அந்தப் பகுதியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம், இந்த மென்மையான சீஸில் அது முடியாது.