200 ரூபாய் டெபாசிட்டும் ஒரு கடற்கரை வார்டும்

நண்டைக் கழித்தெடுத்த பிறகு கிழிந்த வலை என்ன ஆகிறது? பாதி கரையிலேயே கிடக்கும். மீதியைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். நைலான் உருகி, மணலும் கிளிஞ்சலும் சேர்ந்து கறுப்புக் கட்டியாக இறுகிக் கிடப்பதை மிதிக்காமல் நம் பக்கத்துக் கரைகளில் நடப்பது கஷ்டம். யாரிடம் சொல்வது என்று கேட்டால் வனத்துறை, மீன்வளத்துறை, கலெக்டர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உண்மையில் ஊர்க் குப்பையை அள்ள வேண்டியது கிராம ஊராட்சி. அதில் உட்கார ஒரு வார்டு உறுப்பினருக்கு ஆகும் டெபாசிட் தொகை, 2019 தேர்தலில் 200 ரூபாய். எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்கு 100.

கடல்மீது அக்கறை உள்ள பலர் மனு கொடுக்கிறார்கள், கரையைச் சுத்தம் செய்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். தேர்தலில் நிற்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அப்படித் தோன்றியவர்களுக்காக இந்த விளக்கம்.

முதலில், நீங்கள் எந்த அமைப்பின் வாக்காளர் என்று பாருங்கள். பாம்பனும் தங்கச்சிமடமும் கிராம ஊராட்சிகள். அதே தீவில் இருக்கும் ராமேஸ்வரம் நகராட்சி. கீழக்கரையும் நகராட்சிதான். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். நகராட்சி, பேரூராட்சித் தேர்தல் தனியாக நடக்கும். கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரி 19. அங்கே கட்சிச் சின்னம் உண்டு, இயந்திரத்தில் வாக்குப்பதிவு. இனி சொல்வதெல்லாம் கிராம ஊராட்சிக்கு. ராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஒன்றியங்களில் 429 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன.

கிராமத்தில் வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். பின்னிரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. முதலிரண்டில் கட்சிக்கு இடமில்லை. சட்டப்படி எல்லோரும் சுயேச்சை, தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இருந்துதான் சின்னம். எந்தக் கட்சிக்காரர் யார் பின்னால் நிற்கிறார் என்பது ஊருக்கே தெரியும், அது வேறு கதை. ஆனாலும் கட்சி இல்லாத ஒருவர் சமமாக நிற்க முடிகிற தளம் இதுதான். ஒரு வார்டில் இருப்பது சில நூறு ஓட்டு. வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம்.

தகுதி பெரிய விஷயமில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அரசு ஊழியரும், அந்த ஊராட்சியிலேயே ஒப்பந்த வேலை எடுத்திருப்பவரும் நிற்க முடியாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் முன்னதாகவே கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனு பரிசீலனை அன்று ஓடினால் வேலைக்காகாது. வேட்புமனுவோடு, சொத்து, வழக்கு விவரங்கள் அடங்கிய உறுதிமொழி ஆவணமும் தர வேண்டும். அதில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

இடங்களில் பாதி பெண்களுக்கு. 2016-இல் வந்த சட்டத் திருத்தம் 2019 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது, இந்த மாதங்களில் இறங்குவதே இல்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். சட்டம் படித்தவரைவிட அவர்களுக்குக் கடலடி தெரியும். பாதி இடம் அவர்களுக்கென்றே இருக்கிறது. பெயருக்கு மனைவியை நிறுத்திவிட்டுக் கணவர் நாற்காலியில் உட்காரும் பழக்கம்தான் தடை.

இன்னொரு தடை, ஊர்க் கூட்டத்தில் ‘இந்த முறை இவர்தான்’ என்று முடிவு செய்துவிடுவது. எல்லோரும் மனமொத்து ஒருவரை விட்டுக்கொடுத்தால் குற்றமில்லை. பதவியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கோயில் கட்டுவது சட்டவிரோதம், பணம் நல்ல காரியத்துக்கே போனாலும் சரி. மனு போட உங்களுக்கு ஊரின் அனுமதி தேவையில்லை. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு கடற்கரையில் வாழ்வதும் எளிதல்ல, அதை மறைக்க விரும்பவில்லை.

சரி, ஜெயித்தால் என்ன செய்ய முடியும்? முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளும் வனத்துறையின் கையில். விசைப்படகு எந்த நாளில் போகலாம், எந்த வலை போடலாம் என்பது மீன்வளத்துறை. ‘இழுவை மடியை (விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையை) நிறுத்துவேன்’ என்று வார்டில் வாக்குக் கொடுத்தால் அது பொய் வாக்கு. ஊராட்சியின் கை அலை அடிக்கும் இடத்தோடு நின்றுவிடும்.

ஆனால் கடலுக்குள் போகிற அழுக்கு, கரையைத் தாண்டித்தானே போகிறது. தெருவைச் சுத்தமாக வைப்பது, சாக்கடை, குடிநீர், கிணறு, சுடுகாடு இவையெல்லாம் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. பல ஊர்களில் மழைநீரைத் தேக்கும் ஊருணியும் ஊராட்சிப் பொறுப்பில்தான். தூர்வாருவதும், சீமைக் கருவேலத்தை எடுப்பதும், குப்பை கொட்டாமல் வேலி போடுவதும் தீர்மானத்தில் தொடங்கும். பணம் இல்லை என்பார்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அது எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். ‘வார்டு உறுப்பினர்தானே’ என்று இளக்காரமாகச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு வழியும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஊரில் உள்ள உயிரினங்கள், அவற்றைப் பற்றி ஊருக்குத் தெரிந்த அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் காகிதத்தில் இருந்தால், எந்தப் பாசி எந்த மாதம் வளரும், ஆமை எந்த மணலில் ஏறும் என்று தெரிந்தவர்களை அதில் கொண்டுவருவதே ஓர் உறுப்பினருக்குப் போதுமான ஐந்தாண்டு வேலை.

அப்புறம் கிராம சபை, ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கூட்டம். கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தது இத்தனை பேராவது வர வேண்டும் என்ற வரம்பு உண்டு: மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தீர்மானத்தை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கடற்கரையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அது யாரையும் எதையும் செய்ய வைக்காது. ‘இறங்குதளத்துக்கு வடக்கே, புல எண் இன்னதில், கிழிந்த வலைகளைப் போடத் தொட்டி வைத்து, செவ்வாய்தோறும் தூய்மைக் காவலர் எடுக்க வேண்டும், செலவு பொது நிதியில்’ என்று எழுதினால், அடுத்த சபையில் ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கீடு, டெபாசிட் எவ்வளவு என்பதை அறிவிப்பு வரும்போது புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-இல் செலவு உச்சவரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. நோட்டீஸ் அடித்த 300 ரூபாயாக இருந்தாலும் பில் வாங்கி வையுங்கள். பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் போகும். ஜெயித்தவரோ தோற்றவரோ, முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்ற வருத்தத்தில் அதை மறந்தால், தேர்தலில் நிற்கும் தகுதியும் போகலாம்.