டின்னிடஸ்: காது ஏன் இரைகிறது, கருவி ஏன் நாக்கில் ஒட்டுகிறது?

'டின்னிடஸ்' லத்தீன் சொல். 'டின்னீரே' என்றால் மணி போலக் கணகணத்தல். அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. வெளியே எந்த ஒலியும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதற்கு மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே சிலர் 'டின்னிடஸ்' என்பார்கள், சிலர் 'டினைட்டஸ்' என்பார்கள். இரண்டும் சரிதான். கடைசியை 'ஐட்டிஸ்' என்று முடிப்பதுதான் தவறு. ஆர்த்ரைட்டிஸ், டான்சிலைட்டிஸ் என்று முடிந்தால் அங்கே அழற்சி இருக்கிறது என்று பொருள். டின்னிடஸில் அழற்சி இருந்தாக வேண்டியதில்லை. கறாராகச் சொன்னால் அது நோயே இல்லை, அறிகுறி.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்தச் சொல்லை ஒரு நம்பிக்கையோடு சேர்த்துக் குறித்திருக்கிறார். காது கணகணத்தால், எங்கோ யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பினார்களாம். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீட்டில் சொல்வதும் இதே கணக்குதான்.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை. "காது இரையுது" என்று எந்தப் பாட்டியும் சொல்வார். கடல் இரைகிறது, மழை இரைகிறது, சந்தைக் கூட்டம் இரைகிறது. விடாமல், ஒரே மட்டத்தில், நிறுத்த ஆளில்லாமல் வரும் ஒலிக்குத்தான் 'இரைதல்' என்கிறோம். டின்னிடஸின் குணமும் அதுவே. அதனால் 'காதிரைச்சல்' என்பதே நல்ல, பழகிய சொல். கொஞ்சம் மரபாக எழுத விரும்பினால் 'செவியிரைச்சல்' என்று வைத்துக்கொள்ளலாம். 'ரீங்காரம்' வண்டுக்குப் பொருந்தும், சிலருக்குக் கேட்பதும் வண்டுச் சத்தம்தான். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஒருவருக்கு விசில், இன்னொருவருக்குக் குக்கரிலிருந்து ஆவி போவது போன்ற சீறல், வேறொருவருக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஹம்மிங். ஆயுர்வேத நூல்கள் இதைக் கர்ணநாதம் என்கின்றன. முரசு, சங்கு போன்ற பலவித ஒலிகள் கேட்பது கர்ணநாதம் என்றும், புல்லாங்குழல் போல் கேட்பது க்ஷ்வேடம் என்றும் அவை பிரித்துவைத்திருக்கின்றன. கேட்கும் ஒலி ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அந்த வைத்தியர்களும் கவனித்திருக்கிறார்கள்.

'காதிரைச்சல்' என்ற சொல்லில் எனக்கு ஒரே ஒரு குறை தெரிகிறது. பழியைக் காதின் மேல் போட்டுவிடுகிறது. லத்தீனும் அதைத்தான் செய்கிறது. ஆனால் சத்தம் பிறக்கும் இடம் பெரும்பாலும் மூளைதான்.

இதற்கு முரட்டுத்தனமான ஒரு சான்று உண்டு. கட்டி போன்ற காரணங்களுக்காக அறுவை சிகிச்சையில் செவி நரம்பையே வெட்ட வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காது முழுச் செவிடாகிவிடும். இரைச்சல்? பலருக்கு அது அப்படியே இருந்தது. காதுக்கும் மூளைக்கும் தொடர்பே அறுந்த பிறகும் ஒலி கேட்கிறது என்றால் அது காதிலிருந்து வரவில்லை. இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: வயதாலோ, பெருஞ்சத்தத்தாலோ உட்காதின் காக்ளியாவில் உள்ள மயிர்ச்செல்கள் சாகின்றன. அவை அனுப்பிவந்த செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் கேட்கும் பாதையின் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டும்போது வெறும் நரம்புச் சலசலப்பும் ஒலியாகக் கேட்க ஆரம்பிக்கிறது.

யாருக்கும் வரக்கூடியதுதான். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதத்தினர் ஏதோ ஓர் ஒலியைக் குறித்தார்கள். அதனால் ராத்திரி அமைதியில் லேசாக 'ஙொய்' என்று கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. இது பகல், இரவு பாராமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும்போதுதான் சிக்கல். உலகில் வயது வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் காதிரைச்சல் உண்டு என்றும், ஏறக்குறைய 12 கோடிப் பேருக்கு அது கடுமையாக இருக்கிறது என்றும் 2022-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. இவ்வளவு பெரிய சந்தை இருக்கும் இடத்தில் கருவிகள் வராமல் இருக்குமா?

வந்துகொண்டேதான் இருக்கின்றன, இருநூறு வருடத்துக்கும் மேலாக. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா தன் மின்கலத்தை 1800-இல் அறிவித்தார். அடுத்த வருடமே பெர்லின் மருத்துவர் கிராப்பன்கீசர் அதைக் காதுக்கு வைத்துப் பார்த்துவிட்டார். அதே 1801-இல்தான் இசையமைப்பாளர் பீத்தோவன் தன் நண்பரான மருத்துவர் வேகெலருக்கு, இரவும் பகலும் காது இரைந்துகொண்டே இருக்கிறது என்று எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய இன்னொரு கடிதத்தில் மின்சார வைத்தியத்தைப் பற்றி விசாரிக்கிறார். அதிசயம் அதிசயமாகச் சொல்கிறார்களே, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டுவிட்டு, பெர்லினில் ஒரு குழந்தைக்குக் கேட்கும் திறன் திரும்பியதாக ஒரு மருத்துவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார். நம்பவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. புதுக் கருவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறவரின் மனநிலையும் இதுதான்.

ஒலியை ஒலியால் மூடும் வழியும் பழசு. பிரெஞ்சு மருத்துவர் இடார் 1821-இல் எழுதிய நூலில், சீறல் சத்தம் கேட்பவர் ஈர விறகை அடுப்பில் எரித்து அதன் பக்கத்தில் இருக்கலாம் என்கிறார். பெரும் இரைச்சல் என்றால் தண்ணீர் ஆலை இருக்கும் இடத்தில் குடியிருக்கலாமாம். சுமார் 150 வருடம் கழித்து, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஜாக் வெர்னன் என்ற ஆய்வாளரும், காதிரைச்சலால் அவதிப்பட்ட யூனிஸ் என்ற மருத்துவரும் ஒரு நீரூற்றைக் கடந்து போனார்கள். யூனிஸ் அங்கேயே நின்றுவிட்டார். ஊற்றின் சத்தத்தில் அவருடைய காதிரைச்சல் காணாமல் போயிருந்தது. காதில் மாட்டும் 'மாஸ்கர்' கருவிகள் வெர்னனின் வேலையிலிருந்து வளர்ந்தவை. தமிழில் 'மறைப்பொலி' என்றால் பொருந்தும். ஒலி ஓடும்வரை இரைச்சல் மறைந்திருக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இப்போது பேசப்படும் கருவிகள் அப்படி மறைப்பதோடு நிற்பதில்லை. மூளைப் பாதையையே திருத்தப் பார்க்கிறோம் என்கின்றன. அவற்றின் முறையை 'பைமோடல் நியூரோமாடுலேஷன்' என்பார்கள். சிலர் இதை 'இருமுனை' என்று எழுதுகிறார்கள். அது மின்சாரத்துக்கும் மனநோய்க்கும் ஏற்கெனவே பழகிவிட்ட சொல், குழப்பும். இரண்டு புலன்களை ஒரே சமயத்தில் தூண்டுவதால் 'இருபுலன் தூண்டல்' என்பதே நேரான பெயர். ஒரு புலன் செவி, மற்றது தொடு உணர்வு.

ஏன் தொடு உணர்வு? காதிரைச்சல் உள்ளவர்களில் பலர், பல்லைக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் ஏறி இறங்குகிறது என்பார்கள். கற்பனை இல்லை. மூளைத் தண்டில், காதிலிருந்து வரும் நரம்பு முதலில் போய்ச் சேரும் இடத்திலேயே முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் தொடு உணர்வுச் செய்திகளும் வந்து கலக்கின்றன. அந்தச் சந்திப்பில் நரம்புச் செல்கள் அளவுக்கு மீறி ஒத்திசைந்து துடிப்பதுதான் இரைச்சலின் ஒரு மூலம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் குழுவினர் விலங்குகளில் காட்டினார்கள். ஒலியையும் தொடுதலையும் சரியான நேர இடைவெளியில் கொடுத்தால் அந்தத் துடிப்பைத் தணிக்கலாம் என்பது அவர்களின் வாதம்.

சந்தைக்கு முதலில் வந்தது டப்ளினைச் சேர்ந்த நியூரோமாட் நிறுவனத்தின் லெனியர். ஹெட்ஃபோனில் ஒலி ஓடும். அதே நேரத்தில், 32 சிறு மின்முனைகள் பதித்த ஒரு துண்டு நாக்கு நுனியில் சோடா பொங்குவது போலக் கூச்சம் தரும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், சுமார் 12 வாரம். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2023 மார்ச்சில் இதை விற்க அனுமதித்தது. விலை அங்கே சில ஆயிரம் டாலர்.

முதல் பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது. 326 பேர், அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்தது. பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் ஒரு வருடம் வரை நீடித்தது. அப்புறம் ஏன் பலர் முகம் சுளித்தார்கள்? அந்த ஆய்வில் போலிக் கருவி வைத்து ஒப்பிடவில்லை. கலந்துகொண்ட எல்லோருக்குமே ஏதோ ஒரு விதத் தூண்டல் கிடைத்தது. காதிரைச்சலில் மருந்துப்போலியின் செல்வாக்கு பெரிது. யாரோ அக்கறையாகக் கவனிக்கிறார்கள், ஏதோ செய்கிறோம் என்ற எண்ணமே வேதனையைக் குறைக்கும். அப்படியென்றால் குறைத்தது கருவியா, நம்பிக்கையா?

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். 'முன்னேற்றம்' என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? சத்தத்தின் அளவையா? இல்லை. பெரும்பாலும் 'டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி' என்ற 25 கேள்விப் பட்டியல்தான் அளவுகோல். தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா, கவனிக்க முடியவில்லையா என்று கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். 7 மதிப்பெண் குறைந்தாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கணக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதரை வதைப்பது டெசிபல் இல்லை, அது கெடுக்கும் வாழ்க்கை. ஆனால் "80 சதவீதம் பேருக்குப் பலன்" என்ற வகை விளம்பரத்தைப் படிப்பவர் 80 சதவீதம் பேருக்குச் சத்தம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றில்லை.

அமெரிக்க அனுமதிக்காக நியூரோமாட் நடத்திய ஆய்வு இன்னும் கவனமானது. 112 பேருக்கு முதல் 6 வாரம் ஒலி மட்டும், அடுத்த 6 வாரம் ஒலியோடு நாக்குத் தூண்டலும். நடுத்தரமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களில், ஒலி மட்டும் கேட்ட கட்டத்தில் 43 சதவீதத்துக்குச் சற்று மேல் பேர் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். இரண்டும் சேர்ந்த கட்டத்தில் அது 58.6 சதவீதம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் லேசான பாதிப்பு உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த மேன்மை தெரியவில்லை. நாக்கில் கூச்சம் தொடங்கியதும் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதிகம் உறைப்பது முதல் எண்தான். வெறும் ஒலியிலேயே பத்தில் நாலு பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள்.

ஷோர் குழுவின் மனித ஆய்வு 2023-இல் வந்தது. 99 பேர், பல்லைக் கடித்தாலோ கழுத்தை அசைத்தாலோ சத்தம் மாறுகிற வகையினரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாக்குக்குப் பதில் கன்னம் அல்லது கழுத்து. ஒரு கட்டத்தில் உண்மைத் தூண்டல், இன்னொரு கட்டத்தில் ஒலி மட்டும். எது எது என்று பயனாளிக்கும் சொல்லவில்லை, ஆய்வாளருக்கும் சொல்லவில்லை. உண்மைத் தூண்டலில் பாதிப்பும் குறைந்தது, சத்தத்தின் உரப்பும் குறைந்தது. என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான் சாய்கிறது, காரணம் ஒப்பீடு ஒழுங்காக இருக்கிறது. இருந்தாலும் சிறிய ஆய்வு, ஒரு வகையினருக்கு மட்டும். எல்லோருக்கும் பொருந்துமா என்பதற்கு இதில் பதில் இல்லை.

மருந்துப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். காதுக்குள் ஊசியாகப் போட ஓட்டோனமி நிறுவனம் உருவாக்கிய ஓட்டோ-313, முதலில் நம்பிக்கை தந்துவிட்டு 2022-இல் மருந்துப்போலியைத் தாண்ட முடியாமல் கைவிடப்பட்டது. ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்லிவிட்டது. கடைகளில் விற்பனை நிற்கவில்லை. அதே வழிகாட்டி சிபாரிசு செய்வது கவர்ச்சியே இல்லாத இரண்டு விஷயங்களை. காது மந்தமாக இருந்தால் காது கேட்கும் கருவி. இரைச்சல் வாட்டினால் சிபிடி எனப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் பழக்கும் உளச்சிகிச்சை. சிபிடி சத்தத்தைக் குறைக்காது. அதோடு பழகிப்போக வைக்கும். "அப்போ பழகிக்கோனு சொல்றீங்களா?" என்று கோபப்படுகிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.

லெனியரின் பெயரையும் பார்த்துவிடலாம். 'லெனீரே' லத்தீனில் ஒரு வினைச்சொல்: தணித்தல், மென்மையாக்குதல். தீர்த்தல் என்று பொருள் இல்லை. தமிழில் விளம்பரம் எழுதுகிறவர்கள் 'நிரந்தரத் தீர்வு' என்று எழுதும்போது, அந்தப் பெயரே சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள். 'தணிப்புக் கருவி' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகள்: எதோடு ஒப்பிட்டீர்கள்? குறைந்தது சத்தமா, மதிப்பெண்ணா? பலன் இல்லாவிட்டால் பணம் திரும்புமா? அதற்கும் முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. இரைச்சலோடு திடீரென்று காதும் அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. நாள் தள்ளத் தள்ள பலன் குறையும்.