மனச்சோர்வு மாத்திரை ஏன் உடனே கேட்பதில்லை?

"பத்து நாளாக மாத்திரை போடுகிறேன். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா?" மனச்சோர்வு நோய்க்கு மருந்து தொடங்கிய பலர் கேட்பது இது. நிறுத்த வேண்டாம். காரணம் மூளைத்தண்டில் இருக்கிறது.

மனச்சோர்வு நோய் என்று சொல்ல, மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். தூக்கக் கோளாறு, களைப்பு, குற்ற உணர்வு, சாவு பற்றிய எண்ணம் போன்றவற்றையும் சேர்த்து ஐந்து அறிகுறிகளாவது 2 வாரம் நீடித்தால் அது நோய். பல் துலக்குவதுகூட எழுவது, நடப்பது, பிரஷைத் தேடுவது, பேஸ்ட்டைப் பிதுக்குவது என்று தனித்தனி மலைகளாக நிற்கும். இதைச் சோம்பல் என்பது கொடுமை.

செரட்டோனின் என்பது நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். மூளையில் அதைச் சுரக்கும் நரம்பணுக்களின் உடல் மூளைத்தண்டில் இருக்கிறது. இழைகள் மூளை முழுக்கப் படர்கின்றன. சுரந்த செரட்டோனினை ஒரு புரதம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் அந்தப் புரதத்தைச் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகின்றன. ஆனால் இழை முனையில் மட்டுமல்ல, அணுவின் உடலைச் சுற்றியும் செரட்டோனின் தேங்குகிறது. அந்த உடலின் மேல், தான் சுரந்ததைத் தானே மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. 'போதும், போதும்' என்று அவை அணுவின் துடிப்பைக் குறைக்கின்றன. மருந்து மடையை அடைக்கிறது. அணுவோ ஊற்றையே சுருக்கிவிடுகிறது! செரட்டோனினில் ஊறி ஊறி, இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஏற்பிகள் மரத்துப்போகின்றன. துடிப்பு மீள்கிறது, மடையோ இன்னும் அடைத்தே கிடக்கிறது. செரட்டோனின் நிலையாக ஏறுவது அப்போதுதான். எலிகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு நரம்பணுக்களிடையே இணைப்புகள் சீராகவும் காலம் பிடிக்கும். இதை வைத்து, செரட்டோனின் குறைவதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அது நிரூபணமாகவில்லை.

குமட்டல்? உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, மருந்து அங்கேயும் வேலை செய்கிறது. சாப்பிட்ட பின் மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும்.

சரியான அளவில் 4 முதல் 6 வாரம் போட்டும் மாற்றமில்லை என்றால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை வீட்டார் கவனமாகப் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு வரலாம். அதனால்தான் மருத்துவர் அளவை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கிறார்.