வெந்தால் ஒட்டும், வேகாவிட்டால் பிளக்கும்: மாத்திரைக்குள் மாவுச்சத்து

மாத்திரை டப்பாவில் உடையக் கூடாது. வயிற்றுக்குள் உடைந்தே ஆக வேண்டும். இரண்டு வேலைக்கும் மாவுச்சத்து ஒன்றே போதும். கூழாகக் காய்ச்சினால் மருந்துத் தூளை ஒட்டவைக்கும். பச்சையாகச் சேர்த்தால் தண்ணீரை உள்ளிழுத்து மாத்திரையைப் பிளக்கும். அதனால் புதிதாக ஒரு கிழங்கிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த மாவை இரண்டு வேலைக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும், மக்காச்சோள மாவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு.

கிழங்கையோ தானியத்தையோ அரைத்து, நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, படிந்ததைத் தெளிநீர் வரும்வரை கழுவி, 40 முதல் 50 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஈரமாவை 60 டிகிரிக்கு மேல் வைத்தால் மாவுமணிகள் வேகத் தொடங்கிவிடும். அயோடின் சொட்டு அப்போதும் நீலமாகும், அதை நம்பக் கூடாது. முனைவுற்ற ஒளியில் (ஒரே திசையில் அதிரும் ஒளியில்) நுண்ணோக்கி வழியே பாருங்கள்: வேகாத மணியில் கருஞ்சிலுவை தெரியும், வெந்ததில் மறைந்துவிடும்.

அடுத்தது ஓட்டம், அதாவது மாவு எவ்வளவு எளிதாக வழிகிறது என்பது. அளவுக்குழாயில் 100 மி.லி. நின்ற மாவு தட்டத்தட்ட 70 மி.லி.க்கு இறங்கினால் சுருக்கம் 30 சதவீதம். 25-ஐத் தாண்டினாலே அச்சுக்குழியில் சீராக விழாது, மாத்திரைகளின் எடை மாறிமாறி வரும். அரிசி மாவின் மணிகள் மிகச் சிறியவை, ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். உருளைக்கிழங்கு மாவின் மணிகள் பெரியவை.

கூழுக்கு 10 கிராம் மாவை 20 மி.லி. குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் 70 மி.லி. நீரில் ஊற்றிக் கிளற வேண்டும். உலர்மாவைக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே காய்ந்த கட்டி நின்றுவிடும். மருந்துத் தூளைக் கூழில் பிசைந்து குருணையாக்கி உலர்த்தி, பிறகு அச்சில் அழுத்தி மாத்திரையாக்குகிறோம். பச்சை மாவில் பாதியைப் பிசையுமுன்பும் மீதியை உலர்ந்த குருணையிலும் சேர்ப்பது நல்லது. வெளியே இருப்பது மாத்திரையைக் குருணையாக உடைக்கும், உள்ளே இருப்பது குருணையைத் தூளாக்கும். குருணை அளவுக்கு மீறிக் காய்ந்தால் மாத்திரையின் மேல்பகுதி தொப்பிபோல் கழன்றுவிடும். அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அதிக நேரம் கலந்தாலும் கேடுதான்: குருணைகளின் மேல் அது படலமாகப் படர்ந்து ஒட்டுதலைக் குறைக்கும்.

சாதாரண பூச்சில்லா மாத்திரை 37 டிகிரி நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும். சுழலும் உருளையில் போட்டு உருட்டினால், 100 சுற்றுக்குப் பின் எடையிழப்பு 1 சதவீதத்தை மீறக் கூடாது. இரண்டு மாவுகளை ஒப்பிடும்போது மாத்திரைகளின் கடினம் சமமாக இருக்கும்படி அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால், மென்மையாக அழுந்திய மாத்திரை சீக்கிரம் சிதையும், அந்தப் பெருமை தவறாக மாவுக்குப் போய்விடும்.